அண்ணியின் மல்லிக் கொல்லையில் நான் ஊற்றிய மருந்து

என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். ஒரகடத்தில் கார் கதவுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாகத் தரம் பார்க்கிறேன். வெளிச்சத்தில் கதவைச் சாய்த்துப் பார்ப்பேன். கடுகளவு பொட்டு தெரிந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். வீட்டுக்கும் இதே கண்ணோடுதான் வருவேன். சாதத்தில் ஒரு கல் கிடந்தால் அதை எடுத்து எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் சாப்பிடுவேன் என்று கேலி செய்வார்கள். அந்தக் கண்ணை அண்ணியின் மல்லிக் கொல்லைக்குள் கொண்டுபோனது என் புத்தி.

அண்ணன் கம்பெனி பஸ் ஓட்டுகிறார், விடியுமுன் கிளம்பிவிடுவார். அதனால் ஐம்பது சென்ட் மல்லியும் அண்ணியின் பொறுப்பு. மொக்குப் பறிப்பது, குன்றத்தூர் பூக்காரரிடம் கொடுத்தனுப்புவது, கவாத்து, தண்ணீர் எல்லாம் அவர்தான். சுற்றியிருந்தவர்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போக ஆரம்பித்த பிறகும், இந்தக் கொல்லை இருக்கிறவரை நான் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை என்பார். வேப்பந்தழை, சருகு, மக்கிய சாணி என்று செடியடியில் கொட்டி மூடிவைப்பார். எனக்கு அது குப்பையாகத்தான் பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சருகைக் காலால் தள்ளிப் பார்த்தேன். அடியில் வெள்ளையாக நூல் நூலாய்ப் படர்ந்திருந்தது. பூஞ்சை பிடித்துவிட்டது, விட்டால் மொத்தமும் போய்விடும் என்று குதித்தேன். அது எப்போதும் இருப்பதுதான், செடி நன்றாகத்தானே பூக்கிறது என்றார் அண்ணி. நான் கேட்கிற ஆளா? சருகை முழுக்க வாரிக் கொளுத்தினேன். பூஞ்சை மருந்து வாங்கி, பாக்கெட்டில் சொன்னதைப்போல இரண்டு மடங்கு கலக்கி ஒவ்வொரு செடியின் வேரிலும் ஊற்றினேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. போதாக்குறைக்குக் கை கையாக டி.ஏ.பி. உரம் வேறு.

முதலில் இலை கருகருவென்று வந்தது. பார்த்தீர்களா என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். கோடையில் குட்டு வெளிப்பட்டது. வாரம் ஒரு தண்ணீரில் நிமிர்ந்து நின்ற செடிகள், ஒருநாள் விட்டு ஒருநாள் பாய்ச்சியும் வாடித் தொங்கின. மொக்கு சிறுத்துப்போனது. அடுத்த கோடையில் வரிசை வரிசையாகக் காய ஆரம்பித்தன.

மண்ணையும் கொஞ்சம் வேரையும் பையில் போட்டுக்கொண்டு வேளாண்மை ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி அம்மா, இதுவரை என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டார். சொல்லி முடித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார். வேருக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு பூஞ்சை உண்டாம். பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாதாம். முடியைவிட மெல்லிய இழைகளை விட்டு, வேர் எட்டாத இடத்திலிருந்து தண்ணீரும் மணிச்சத்தும் கொண்டுவந்து கொடுக்குமாம். பதிலுக்குச் செடி அதற்குச் சர்க்கரை கொடுக்குமாம். நான் சருகடியில் பார்த்த வெள்ளை நூல் வேறு ரகம், மக்கலைத் தின்று பிழைப்பது, யாருக்கும் கெடுதல் செய்யாதது. அதைக் கொல்லப் போய் வேரில் இருந்ததையும் கொன்றுவிட்டேன். டி.ஏ.பி.யில் மணிச்சத்துதான் அதிகம், அதை அள்ளிக் கொட்டியதில் செடி அந்தப் பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுப்பதையே நிறுத்தி, இரண்டுக்கும் இருந்த உறவும் அறுந்திருக்கும் என்றார். ஆனால் இன்னும் கெட்டுப்போகவில்லை, மருந்தை நிறுத்துங்கள், பழையபடி சருகு போடுங்கள், வேரில் குடியிருக்கும் அதே பூஞ்சைதான் இந்த வேர் உட்பூசணம், இதை மண்ணில் கலந்துவிடுங்கள், இரண்டு வருஷம் பொறுத்தால் தேறும் என்று ஒரு பாக்கெட் கொடுத்தார்.

எப்படிச் சொல்வது என்று வண்டியில் வரும்போதே யோசித்துக்கொண்டு வந்தேன். அண்ணி வரப்பில் உட்கார்ந்திருந்தார். நான் வாயெடுக்குமுன் அவர் பேசினார்.

“தப்பு என்மேலதான் தம்பி. பக்கத்து வூட்டு அக்கா ஹாஸ்டல்ல சமைக்கப் போனதுக்கப்புறம் பறிக்க ஆள் இல்ல. தூரமான நாள்லயும் நானே எறங்கிட்டேன். அதான் இப்டி கருகிக்கினு கீது.”

மாதவிலக்கான பெண் மல்லிக் கொல்லையில் கால் வைத்தால் செடி பட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் அந்த நாட்களில் பக்கத்து வீட்டு அக்காதான் பறித்துக் கொடுப்பார். அதெல்லாம் இல்லை அண்ணி, நான் ஊற்றிய மருந்து என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். சொல்லவில்லை. தப்பித்தோம் என்று மனசு லேசானது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. பாக்கெட்டை ஏதோ உரம் என்று நீட்டினேன். இனிமேல் எதற்கு என்று வாங்க மறுத்துவிட்டார். தன் பாவத்தை உரம் போட்டுத் தீர்க்க முடியாது என்று நினைத்தார். இரண்டே வருஷம் பொறுத்தால் போதும் என்று தெரிந்திருந்தால் அவர் அந்தக் கொல்லையை விட்டிருக்கவே மாட்டார். அடுத்த மாதமே லாரி நிறுத்துகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். ஜல்லி கொட்டி, ரோலர் ஓட்டினார்கள்.

நாலு வருஷம் ஆகிறது. அண்ணி இப்போது வாசலில் ஒரே ஒரு தொட்டியில் மல்லி வைத்திருக்கிறார். அவர் மகள் இந்த வருஷம்தான் வயசுக்கு வந்தாள். போன மாதம் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது அவள் ஒரு மொக்கைப் பறிக்கக் குனிந்தாள்.

“அத்தத் தொடாத. நீ தூரம். ஒரு கொல்லையே என்னால போச்சு, இதாவது இருக்கட்டும்” என்றார் அண்ணி.

அந்தப் பெண் நெருப்பைத் தொட்டதுபோல் கையை எடுத்தாள். எனக்குத் தாங்கவில்லை. மருந்து, உரம், அதிகாரி சொன்னது, நான் மறைத்தது எல்லாவற்றையும் அவர்கள் இருவர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அண்ணி பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார், அன்பாகத்தான்.

“என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்ற. அது நெசமா இருந்தா நீ அப்பவே சொல்லியிருப்பியே தம்பி.”

மகள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு தொட்டியிலிருந்து தள்ளி, சுவரோரமாக ஒதுங்கி உள்ளே போனாள்.