சும்மா பார்க்க வந்த டூல்

“சார், இந்த டூல் படிக்க மட்டும்தான் செய்யும். எதையும் தொடாது.”

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு பெண் போனில் இப்படிச் சொன்னார். ஒரு நிமிஷம் கழித்து அதையே மறுபடியும் சொன்னார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தொடாது என்றால் தொடாது... அதை எதற்கு இரண்டு தடவை சொல்ல வேண்டும்?

என் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. என் வீடு குற்றாலத்தில். சீசன் வந்தால் உறவினர்கள் வந்து நிற்பார்கள். “சும்மா உங்களப் பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தோம்” என்பார்கள். நான் முகத்தைப் பார்ப்பதில்லை, பையைப் பார்ப்பேன். உள்ளே எண்ணெய் பாட்டில் இருக்கிறதா? அப்படியென்றால் மெயின் அருவியிலிருந்து பழைய குற்றாலம் வரை குளித்து முடிக்காமல் கிளம்ப மாட்டார்கள்.

பிழைப்பு தென்காசியில். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். நோயாளிகளின் ஸ்கேன் படங்கள் அங்கே நான்கு சர்வர்களில் இருக்கின்றன. நான்கும் சேர்ந்து ஒரே அலமாரி மாதிரி வேலை செய்யும் – ஸ்டோரேஜ் கிளஸ்டர் என்பார்கள். யார் யாரிடம் படம் கேட்க வேண்டும், என்ன பாஸ்வேர்டு சொல்ல வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொரு சர்வரிலும் கான்ஃபிக் ஃபைல்களாக எழுதியிருக்கும்.

அந்தப் போன் பேசிய அன்றைக்குத் திருவேங்கடத்திலிருந்து ஒரு விவசாயியும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அந்த அம்மாவின் நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளி. பழைய ஸ்கேனிலும் அதே அளவில் இருந்தால் பயமில்லை. வளர்ந்திருந்தால் மதுரைக்குப் போய்ச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அவர்கள் வீட்டில் இருந்த ஃபிலிம் மழையில் நனைந்து ஒட்டிப்போய்விட்டது. எங்கள் சர்வரிலோ பழைய படம் திறக்கவே இல்லை.

சர்வர் விற்ற கம்பெனியைக் கூப்பிட்டேன். நான்கு சர்வரின் கான்ஃபிக் ஃபைல்களையும் இந்த டூல் எடுத்து வந்து பக்கத்தில் பக்கத்தில் காட்டும், தப்பு எங்கே என்று தெரிந்துவிடும் என்றார் அந்தப் பெண்.

பாஸ்வேர்டு இருக்கிற ஃபைலைப் படிக்க மட்டும்தான் செய்யுமாம். படித்த பிறகு தொடுவதற்கு என்ன பாக்கி இருக்கிறது?

நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். கூட வேலை பார்க்கும் ஜெபராணிக்குப் பொறுமை போய்விட்டது. அச்சன்புதூர்க்காரி, மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார்.

“அண்ணாச்சி, அந்த அம்மா காலைல இருந்து பச்சத் தண்ணி குடிக்காம உக்காந்திருக்காவ. நீங்க டூல் மேல விசாரணை நடத்துதிய.”

வெளியே எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். எனக்கே என்னவோ போல் ஆகிவிட்டது.

இன்டர்நெட் இல்லாத ஒரு கம்ப்யூட்டரில், படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு கணக்கில் டூலை ஓட்டினேன். சமர்த்தாகத்தான் படித்தது. எந்த ஃபைலிலும் ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் முடிவில் ஒரு கட்டம் வந்தது. ‘ஃபைல்களை எங்களுக்கு அனுப்பவும்’. நான் எதையும் அழுத்தவில்லை. டிக் மட்டும் ஏற்கெனவே விழுந்திருந்தது. எடுத்துவிட்டேன்.

பிறகு ஃபைல்களைப் பார்த்தோம். மூன்று சர்வர்கள் ஒன்று போல இருந்தன. டாக்டரின் கம்ப்யூட்டர் படம் கேட்கிற சர்வரில் மட்டும், பழைய படங்கள் உள்ள நான்காவது சர்வரின் பெயரை யாரோ நீக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘கரண்ட் சரியில்லை. சீசன் முடிஞ்சதும் சேக்கணும்.’

எங்கள் ஊரில் வெள்ளையடிப்பதிலிருந்து பல் பிடுங்குவது வரை எல்லாமே சீசன் முடிஞ்சதும்தான். ஜெபராணியைப் பார்த்தேன்.

“நாந்தான் அண்ணாச்சி. போன சீசன்ல எழுதினது.”

“இந்த சீசன் சாரலே ஆரம்பிச்சுட்டுதே?”

“எந்த சீசன்னு எழுதலல்லா” என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

டூல் அதைச் சரிசெய்யாது, அதற்குப் படிக்கத்தான் தெரியும். ஜெபராணியே திரும்பச் சேர்த்தார். பழைய படம் திறந்தது. டாக்டர் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு, “வளரல. அப்படியேதான் இருக்கு” என்றார்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணவர் மட்டும் என்னையே முறைத்துப் பார்த்தார்.

“காலைல இருந்து இல்லாத படம் இப்ப எங்கன இருந்து வந்துச்சு? இது இவ படந்தானா?”

“சும்மா உள்ள பாத்தோம் அண்ணாச்சி, ஒரு செட்டிங் மாறியிருந்துச்சு. சரி பண்ணிட்டோம்” என்றேன்.

சும்மாவா, என்பது போல அவர் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. என் வீட்டு வாசலில் நின்று நான் பார்ப்பது அது.

டாக்டர் இரண்டு படத்திலும் ஒரு விலா எலும்பைக் காட்டினார். முறிந்து, கோணலாகக் கூடிய எலும்பு. அதைப் பார்த்ததும் மனிதர் அடங்கிவிட்டார். “ஆமா... இது சங்கரன்கோயில் போகையில வண்டியில இருந்து விழுந்தது.”

“விழுந்தேனா? நீங்கதான தள்ளிவிட்டிய” என்றார் அந்த அம்மா. காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு.

சாயங்காலம் கம்பெனிப் பெண் கூப்பிட்டார். “பாத்தீங்களா சார், எங்க டூல் எதையாவது தொட்டுச்சா?”

“தொடல மேடம்” என்றேன். “ஆனா பையில எண்ணெய் பாட்டில் இருந்துச்சு.”