பதியாத விடியல்

ஆத்மநாதன் அரசுப் பேருந்து டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஆவுடையார்கோவில். வேலையில் இருந்த காலத்தில் பெரும்பாலும், ராத்திரி அங்கேயே தங்கி விடிந்ததும் கிளம்பும் கோட்டைப்பட்டினம் நைட் ஹால்ட் வண்டிதான் ஓட்டினார். மற்ற டிரைவர்கள் அந்த வண்டி என்றாலே முகம் சுளிப்பார்கள். கொசுக்கடி, குடிக்க உப்புத் தண்ணீர், வீட்டுச் சாப்பாடும் கிடையாது. இவர் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வார். காரணம் கடல்.

சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனர் கொடுத்த ஃபிலிம் கேமரா ஒன்று துண்டில் சுற்றியபடி அவர் பைக்குள் எப்போதும் இருக்கும். கிழக்கு வெளுக்கும்போது பஸ்ஸை விட்டு இறங்கிக் கரைக்கு நடப்பார். முதல் ட்ரிப்புக்கு நேரமானால் கண்டக்டர் நாகராசு விசில் ஊதுவார். அந்த விசில் வரும்வரை அவரை ஏன் என்று கேட்க ஆளில்லை. அந்தக் காலைகளைப் பற்றிப் பேசினால் இன்றும் அவர் குரல் இளகிவிடும்.

எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளை. சேற்றில் சாய்ந்து கிடக்கும் நாட்டுப்படகு, நீர் வற்றிய கரையில் நண்டு கிழித்துப்போன கோடு, தூரத்தில் கடல்மேல் இறங்கும் மழை. கையில் செல்போன் வந்த பிறகும் அவர் ஃபிலிமை விடவில்லை. ரோலைக் கூரியரில் சென்னைக்கு அனுப்பிவிட்டு, படம் வரும்வரை மனசுக்குள் அதை ஓட்டிப் பார்த்துக்கொண்டு திரிவது அவருக்குப் பிடித்திருந்தது.

மனைவி கலைமதி அன்னவாசல் பக்கம் பாறைகளுக்கு நடுவே வளர்ந்தவர். சத்துணவு மையத்து வேலை, பிள்ளைகள், மாடு என்று ஓடிய ஓட்டத்தில் கணவரின் கரையைப் படத்தில் பார்த்ததோடு சரி. அவரும் ஓய்வு பெற்றபின், போன புரட்டாசியில் ஒருநாள், “நானும் வாரேங்க. அப்படி அங்க என்னதான் இருக்குன்னு பாத்துர்றேன்” என்று இருட்டோடு ஸ்கூட்டியின் பின்னால் ஏறிக்கொண்டார்.

கரையில் ஆத்மநாதன் குந்தி உட்கார்ந்து புது ரோலைப் போட்டுக்கொண்டிருந்தார். முன்னால் போன கலைமதி சத்தம் போட்டார்.

“ஏங்க, வெரசா வாங்க! இங்கிட்டு வந்து பாருங்க!”

கேமராவின் பின்மூடியை அழுத்திச் சாத்திவிட்டு ஓடினார். காற்றே இல்லை. கடலில் ஓர் அலைகூட இல்லை. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று கோடு தெரியவில்லை. படகுகள் எல்லாம் வானத்தில் கட்டிப்போட்டவை போல நின்றன. இத்தனை வருஷத்தில் அவர் இப்படிப் பார்த்ததில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தார். நகர்ந்து எடுத்தார், முழங்கால் தண்ணீரில் நின்று எடுத்தார்.

முப்பத்தாறு படம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஃபிலிமை நகர்த்தும் லீவர் தடங்கல் இல்லாமல் இன்னும் ஓடியது. ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழைத் தொட்டுப் பார்த்தார், லொடலொடத்தது. மூடியைத் திறந்தார். ஃபிலிமின் நுனி சக்கரத்தில் மாட்டாமல், வைத்த இடத்திலேயே சுருண்டு கிடந்தது. ஒரு படம்கூடப் பதியவில்லை.

நிமிர்ந்தபோது காற்று கிளம்பியிருந்தது. தண்ணீர் சிலிர்த்து, கோடு தெரிந்து, வழக்கமான கடலாகிவிட்டது. ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“நாந்தான் அவசரப்படுத்திட்டேன்” என்றார் கலைமதி.

“நீ கூப்புடலன்னா அதப் பாத்திருக்கவே மாட்டேன். ரோலோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்திருப்பேன்.”

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருவரும் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆத்மநாதன், “ஏழு படகு நின்னுச்சுல்ல?” என்றார்.

“ஏழா? ஒம்பது. கடைசில ரெண்டு சின்னது. தண்ணியெல்லாம் ரோஸ் கலரு, நம்ம மூத்தவ சடங்குக்கு எடுத்த பட்டு மாதிரி.”

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். ரோஸா? அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் நினைவில் இருந்தன. கறுப்பு வெள்ளையில் எப்படி வரும் என்று கணக்குப் போட்டே பழகிய கண். அந்தச் சின்னப் படகுகளையும் அவர் நினைவில் காணவில்லை.

“வேற என்ன பாத்த? மொதல்லேர்ந்து சொல்லு.”

கலைமதி சொன்னார். வானம் எந்தப் பக்கம் முதலில் சிவந்தது, படகு நிழலில் கொக்கு எப்படித் தலைகீழாக நின்றது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். டீ ஆறிப்போய் ஆடை கட்டியதை இருவருமே கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் பலமுறை போய்விட்டார்கள். கடல் அப்படி ஒருநாளும் நிற்கவில்லை. என்றாலும் வாசல் தெளிக்கும்போது வேப்பிலை அசையாமல் இருந்தால், கலைமதி வாளியை வைத்துவிட்டு உள்ளே குரல் கொடுப்பார்:

“இன்னைக்குக் காத்தே இல்லங்க. கெளம்புறீங்களா?”