மனைவி பெயர்: அனுராதா

திருத்தணி தாலுக்கா ஆபீசுக்கு எதிரே அந்த நாளில் டைப் அடிப்பவர்கள் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரே பெண் அனுராதா. ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா முனியன் கரும்பு வெட்டப் போகிறவர். மகள் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்ததும், எங்கேயோ ஏலத்துக்கு வந்த ஒரு பழைய மெஷினை வாங்கிச் சாக்கில் கட்டி, டவுன் பஸ்ஸின் பின் சீட்டில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அது 1993.

மனு எழுத வருகிறவர்கள் பிறந்ததிலிருந்து கதையைத் தொடங்குவார்கள். அனுராதா கடைசி வரை கேட்பாள். பிறகு, "இப்ப உங்களுக்கு இன்னா வேணும், அத்த மட்டும் சொல்லுங்க" என்பாள். அவர்கள் சொல்லும் அந்த ஒரு வரிதான் மனுவின் முதல் வரியாகும். இதனாலேயே அவளிடம் கூட்டம் சேர்ந்தது.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. பயன்படுத்திய கார்பன் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் அடித்தது அத்தனையும் படிக்கலாம். மற்றவர்கள் அதை ஏழெட்டு முறை ஓட்டிவிட்டுக் குப்பையில் போடுவார்கள். அனுராதா தினமும் சாயங்காலம் பக்கத்து டீக்கடை அடுப்பில் அவற்றைப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். பாகப் பிரிவினை, ஜீவனாம்சம், சாதிச் சான்றிதழ் என்று ஊரின் பாதி ரகசியம் அவள் விரல் வழியாகப் போனது. வாய் வழியாக ஒன்றுகூட வந்ததில்லை.

அத்தை மகன் குணசேகரனைக் கட்டிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டைம்கீப்பர் அவன். சின்ன வயதிலிருந்து 'பாவா' என்று கூப்பிட்டுப் பழகியவள், கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே கூப்பிட்டாள். ஒரு பெண் குழந்தை. 2001-ல் கம்ப்யூட்டர் வாங்கி, போன் வைத்து, ஒற்றை அறைக் கடை போட்டு உட்கார்ந்தாள்.

2003 கோடையில் அரக்கோணம் சாலையில் வேலகிரி மனமகிழ் மன்றம் திறந்தார்கள். பெயர் அப்படி இருந்தாலும் ஊரில் எல்லோரும் கிளப் என்றுதான் சொன்னார்கள். ஏ.சி. போட்ட பார், சீட்டாட ஒரு ஹால், பெரிய டி.வி. உறுப்பினராகச் சேர்ந்தவர்களைத்தான் உள்ளே விடுவார்கள். மலை மேலிருந்து முருகன் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் இது. அங்கே போகிறவர்கள் யாரும் போவதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் வாசலில் வண்டிகள் நின்றன.

கிளப்பின் செயலாளர் சிவப்பிரகாசம், ஒரு அட்டைப்பெட்டி நிறைய உறுப்பினர் படிவங்களை அனுராதாவின் கடைக்குக் கொண்டுவந்து வைத்தார். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி ஃபிளாப்பியில் தர வேண்டும். முந்நூற்றுப் பதினெட்டு படிவம். அனுராதா மேலே இருந்த ஒன்றை எடுத்துப் படித்தாள். பெயர், வயது, முகவரி, போட்டோ. அதற்குக் கீழே வேலை செய்யும் இடம், வீட்டு போன், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், படிக்கும் பள்ளி.

"சார், பசங்க படிக்கிற ஸ்கூலு எதுக்கு சார்?"

"ஃபாரம் நிறைவா இருக்கட்டுமேன்னு போட்டதும்மா. பெரிய கிளப்புலல்லாம் இப்படித்தான்."

"லைசென்ஸ் குடுக்கற ஆபீசருங்க கேக்கறாங்களா?"

"அவங்க கேக்கறது பேரு, அட்ரஸ், போட்டோ. மிச்சது நம்ம சௌகரியத்துக்கு."

அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வேலை வேலைதான் என்று உட்கார்ந்தாள். மானிட்டரை வாசலுக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்துக்கொண்டு அடித்தாள். யாராவது உள்ளே வந்தால் படிவங்களின் மேல் துண்டைப் போட்டு மூடினாள்.

ஒன்பதாவது நாள் மத்தியானம், கை தன் போக்கில் அடித்துக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் நின்றது. மனைவி பெயர்: அனுராதா. அவள் படிவத்தின் மேல்பக்கம் பார்த்தாள். போட்டோவில் குணசேகரன், பஸ் கம்பெனி சட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தான். வீட்டு போன் என்ற இடத்தில் அவள் கடை நம்பர். பள்ளியின் பெயர் என்ற இடத்தில் அவள் மகளின் பள்ளி. செயலாளர் படிவங்களைப் படித்துப் பார்த்திருக்க மாட்டார். எந்தக் கடைக்கு அவை போகும் என்று குணசேகரனுக்கும் தெரிந்திருக்காது.

தன் பெயரைத் தானே அடித்து முடித்து அடுத்த படிவத்தை எடுத்தாள்.

அன்றிரவு குணசேகரன் சாப்பிட்டான், மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தான். கிளப்பைப் பற்றி அவள் கேட்கவில்லை. தன்னை நம்பிக் கொடுத்த காகிதத்தில் பார்த்ததை வைத்துப் புருஷனிடமே என்றாலும் ஒரு வார்த்தை பேசிவிட்டால், நாளைக்கு எந்த முகத்தோடு அந்த நாற்காலியில் உட்காருவது என்று அவளுக்கு இருந்தது. அவன் சொல்லட்டும் என்று இருந்துவிட்டாள். பல நாள் தூக்கம் வரவில்லை.

வேலை முடிந்ததும் செயலாளரை எதிரே உட்காரவைத்து, ஃபிளாப்பியைக் கையில் கொடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் இருந்ததை அவர் கண் முன்னே அழித்தாள். அவர் சிரித்தார். "என்னம்மா, இது இன்னா ராணுவ ரகசியமா?"

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு காலையில் கடை போன் அடித்தது. குழைவான ஆண் குரல்.

"அனுராதா அம்மாங்களா? உங்க வீட்டுக்காரர் பேரு குணசேகரன். பஸ் ஸ்டாண்டுல டைம்கீப்பரு. உங்க பொண்ணு நாலாவது படிக்குது." பள்ளியின் பெயரையும் சொன்னான். "அவரு கிளப்புக்குப் போய்க்கினு இருக்காருங்க. பயப்படாதீங்க. எங்ககிட்ட மூலிகைப் பொடி இருக்குது. சாப்பாட்டுல கலந்து குடுத்தீங்கன்னா குடி தானா நின்னுடும். அவருக்கே தெரியாது."

பெயர், வேலை, மனைவி, பிள்ளை, பள்ளி. அவள் போட்ட வரிசையிலேயே அவன் படித்தான்.

"இந்த நம்பரு உங்களுக்கு யாரு குடுத்தது?"

போன் வைக்கப்பட்டது.

சாயங்காலம் அவள் குணசேகரனிடம் போன் வந்ததைச் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். கூட வேலை செய்பவர்கள் சேர்த்துவிட்டார்கள், சனிக்கிழமை ஒரு பீர், கொஞ்சம் சீட்டு. பிறகு ஏதோ உறைத்ததுபோல் நிமிர்ந்தான்.

"கடையில ஒரு அட்டைப்பெட்டி நிறைய ஃபாரம் வெச்சு அடிச்சியே, அது கிளப்புதா? அப்ப உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"ஆங்."

"ஏன் கேக்கல?"

"அது நீ சொன்னது இல்லையே பாவா. கிளப்பு குடுத்த காயிதம்."

குணசேகரன் திட்டு வாங்கத்தான் தயாராக இருந்தான்.

அந்த வாரத்தில் ஊரில் பல வீடுகளில் போன் அடித்தது. சண்டைகள் வெடித்தன. உறுப்பினர்கள் கிளப்புக்குப் போய்க் கத்தினார்கள். சிவப்பிரகாசம் கையை விரித்தார். "நான் யாருக்கும் குடுக்கல. டைப் அடிச்ச இடத்துலேர்ந்துதான் போயிருக்கும்." அந்த ஒரு பேச்சு போதுமானதாக இருந்தது. பத்து வருஷமாக அவளிடம் வந்த ஆட்கள், அவள் கடையைத் தாண்டி அடுத்த கடைக்குப் போனார்கள். பட்டா மனு கொண்டுவந்த ஒரு கிழவர், பாதி சொல்லிவிட்டு, "இது வெளிய போவாதில்லம்மா?" என்று கேட்டார். அனுராதாவுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் வலித்தது.

அடுத்த நாள் ஜம்பகம் வந்தாள். அவள் கணவர் சேஷகிரி மலைக்கோயில் மடப்பள்ளியில் பிரசாதம் சமைப்பவர். மூன்று தலைமுறையாக அவர்கள் குடும்பத்துக்கு அதுதான் வேலை. ஜம்பகம் உட்காரக்கூட இல்லை.

"அந்த லிஸ்ட்ல எங்காத்துக்காரர் பேர் இருக்கா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லு."

"அத்த நான் சொல்ல முடியாது மாமி."

"அப்போ இருக்குன்னு அர்த்தம்."

"இல்லன்னாலும் இதேதான் மாமி சொல்லியிருப்பேன்."

ஜம்பகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "கோயில் ஆபீசுக்கு அந்தப் பாவி போன் போட்டான்னா அவர் மடப்பள்ளியில கால் வைக்க முடியுமா? ஜம்பகம் அம்மாவான்னு எம்பேரைச் சொல்லிக் கேக்கறான். எம்பொண்ணு சாய்லக்ஷ்மி எந்தப் பள்ளிக்கூடம்னு சொல்றான்."

"உங்க பேர அவங்களுக்கு நீங்க குடுத்தீங்களா மாமி?"

"நான் எதுக்குடி குடுக்கப்போறேன்? அப்படி ஒரு இடம் இருக்கறதே நேக்குத் தெரியாது."

அதைக் கேட்டதும் அனுராதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளும் அவள் டைப் அடித்தவளாகவே யோசித்துக்கொண்டிருந்தாள். தன் மேல் பழி இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் பட்டியலைப் பற்றிப் பேச வேண்டும், பேசினால் ஆண்களின் பெயர் வெளியே வரும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தப் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. அதை யாரும் அவளிடம் கேட்டு வாங்கவில்லை.

மற்றவர்களுக்காக ஆயிரக்கணக்கில் மனு அடித்தவள், அன்றுதான் தனக்காக ஒன்று அடித்தாள். முதல் வரி இது: 'என் பெயரையும் என் மகளின் பள்ளியையும் நான் எந்த மன்றத்துக்கும் தரவில்லை, என்னைக் கேட்காமல் வாங்கி, யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள்.' மனுவில் பெண்கள் கணவன் பெயரைப் போடுவதுதான் வழக்கம். அனுராதா 'த/பெ. முனியன்' என்று அப்பா பெயரைப் போட்டாள்.

ஜம்பகம் இரண்டு முறை படித்தாள். "இதுல அவர் பேர் எங்கயும் வராதா?"

"வராது. உங்க அப்பா பேரு சொல்லுங்க, போடறேன்."

அந்த வாரத்தில் அனுராதாவோடு சேர்த்து ஒன்பது பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பது பேரும் அப்பா பெயரோடு. பூ விற்கும் தாயாரம்மாள் கைநாட்டு வைத்தாள். அவள் மருமகனைப் பற்றி அவளுக்குத்தான் போன் வந்திருந்தது. திங்கட்கிழமை காலை ரயிலில் ஒன்பது பேரும் திருவள்ளூர் போய், கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தார்கள். மடிசார் கட்டிக்கொண்டு வந்த ஜம்பகம், வரிசை முழுக்க முருகன் பெயரை முணுமுணுத்துக்கொண்டே நின்றாள். தன் முறை வந்தபோது அதிகாரியிடம் அவள்தான் முதலில் பேசினாள்.

மூன்று வாரத்தில் விசாரணைக்கு ஆள் வந்தது. கிளப் கமிட்டி கூடியது. அங்கே குணசேகரன் எழுந்து நின்றான். "டைப் அடிச்சது என் பொண்டாட்டி. என் ஃபாரத்தையும் அதுதான் அடிச்சுது. ஒன்றரை மாசம் என்கிட்டயே ஒரு வார்த்தை கேக்கல. அதுவா வெளிய குடுத்திருக்கும்?"

கடைசியில் சிவப்பிரகாசமே உடைந்தார். சித்தூர் பக்கத்தில் மூலிகை வியாபாரம் பண்ணும் தன் மச்சான், பிழைப்புக்கு உதவும் என்று கேட்டதால் ஃபிளாப்பியை ஒரு நாள் கொடுத்ததாக ஒப்புக்கொண்டார். நல்லது பண்ணுவதாகவே நினைத்தேன் என்றார்.

மறுநாள் அவர் கடைக்கு வந்தார். "தப்பு என்மேலதாம்மா. உன் பேர இழுத்திருக்கக் கூடாது."

"என்கிட்ட சொல்றீங்களே சார். அவங்க எல்லாரும் அங்க இருக்காங்க."

சிவப்பிரகாசம் எதிர்ப்பக்கம் பார்த்தார். டீக்கடையில் மற்ற டைப்பிஸ்டுகளும் மனு எழுத வந்தவர்களும் நின்றிருந்தார்கள். சாலையைக் கடந்து போய் அங்கேயும் அதையே சொன்னார். அவரையும் மெச்சத்தான் வேண்டும்.

கிளப் படிவத்தை மாற்றியது. பெயர், வயது, முகவரி, போட்டோ, அவ்வளவுதான். பழைய படிவங்களை உறுப்பினர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மச்சான் எத்தனை பிரதி எடுத்துவைத்திருந்தானோ, இரண்டு வருஷம் வரைக்கும் எங்கேயாவது ஒரு வீட்டில் போன் அடித்துக்கொண்டிருந்தது. சண்டையில் மணவூரில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போன ஒரு பெண் திரும்பி வரவே இல்லை. அனுராதா அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே என்ன பேசினாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

சேஷகிரி சீட்டாடத்தான் போனார். அதைத் தன் வாயாலேயே ஜம்பகத்திடம் சொல்லி, ஒரு மாதம் அவள் பேசாமல் இருந்ததையும் அனுபவித்தார். கோயில் ஆபீசுக்கு விஷயம் போகவில்லை.

கடைக்கு ஆட்கள் மெல்ல மெல்லத் திரும்பினார்கள். முதலில் வந்தவர் அந்தப் பட்டா கிழவர்.

2007-ல் ஒரு நாள் ஜம்பகம் மகளின் ஜாதகத்தோடு வந்தாள். சாய்லக்ஷ்மிக்கு வரன் பார்க்கிறார்கள். ஒரு பக்கத்தில் விவரம் அடித்துத் தர வேண்டும். நட்சத்திரம், படிப்பு, உயரம் எல்லாம் அடித்து முடித்து, "போன் நம்பரு சொல்லுங்க மாமி" என்றாள் அனுராதா.

"எங்காத்து நம்பர் வேண்டாம். ஊரெல்லாம் போற காகிதம். உன் கடை நம்பரைப் போட்டுடு."

"எனக்கு வந்தா நான் இன்னா மாமி சொல்றது?"

"நீ பேசிப் பாரு. மனுஷா நல்லவான்னு தோணித்துன்னா எங்ககிட்ட சொல்லு. இல்லேன்னா நீயே வெச்சுடு."

அனுராதா சிரித்துக்கொண்டே தன் நம்பரை அடித்தாள். அந்த வருஷம் மட்டும் பதினோரு மாப்பிள்ளை வீட்டாரிடம் அவள் பேச வேண்டியிருந்தது. ஜம்பகம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டே பேர்.