செல்வி சொன்ன என் பேச்சு

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டை ஓட்டலாக்கியிருக்கிறார்கள். அங்கேதான் எனக்குச் சமையற்கட்டு வேலை. போன மாதம் செக் நாட்டிலிருந்து வயதான அம்மா ஒருவர் வந்து தங்கினார். காப்பி கொண்டுபோன என்னை உட்காரச் சொல்லி, போனில் பழைய படம் ஒன்றைக் காட்டினார். தொழிற்சாலை முற்றத்தில் வரிசையாகப் பெண்கள், எல்லாரும் கைதட்டிக்கொண்டு. அதில் ஒருத்தி அவருடைய அம்மாவாம்.

கூட வந்த கைடு தம்பி தமிழில் சொன்னான். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அந்த நாட்டை ஜெர்மன்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். அவர்கள் உட்காரவைத்த மந்திரிகள் பேச வந்தால், வேலையை நிறுத்திவிட்டு நின்று கேட்க வேண்டும், தட்ட வேண்டும். இவர்கள் நிறுத்தாமல் தட்டுவார்களாம். பேச வந்தவர் வாயைத் திறக்க முடியாமல் நிற்பாராம். கைதட்டியதற்காக யாரைப் பிடித்து உள்ளே போடுவது?

"உள்ளுக்குள்ள சிரிச்சது தெரிஞ்சா தலை போயிருக்கும்க்கா" என்றான் தம்பி.

எனக்கோ வேறு ஒருத்தி மேல் கண். படத்தில் அவருடைய அம்மாவை ஒட்டி நிற்பவள் காதோரம் எதையோ சொல்கிறாள். அவள் யார் என்று கேட்டேன். தெரியாதாம். எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படிக் காதோரம் சொல்லிக்கொண்டு நின்றவள்தான்.

பத்தாவது முடித்ததும் மானகிரிப் பக்கம் ஒரு நூல்மில்லில் சேர்ந்தேன். இப்போதும் எங்காவது மெஷின் எண்ணெயும் பஞ்சும் கலந்து மணந்தால் இருபது வயது வந்துவிடுகிறது, முழங்கால் வலி மட்டும் போவதில்லை. அதிகாரி யாராவது பேச வந்தால் மெஷினை நிறுத்தி எங்களை முற்றத்தில் நிறுத்துவார்கள். சூப்பர்வைசர் கைக்குட்டையால் முகம் துடைத்தால் தட்ட வேண்டும், அதுதான் ஏற்பாடு. சித்திரை வெயிலில் மனிதர் நிஜமாகவே துடைத்துவிடுவார். காலமான ஒரு பெரிய மனிதருக்கு அனுதாபம் சொன்ன இடத்தில் நாங்கள் தட்டிய தட்டு இருக்கிறதே!

எனக்குப் பக்கத்தில் எப்போதும் செல்வி. முன்வரிசையில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் சேகர். அவர் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ஒருநாள் வந்த அதிகாரி, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார். "அப்ப மத்தியானச் சோறு அவுக வீட்லயா?" என்று செல்வி காதில் முணுமுணுத்தேன். அவள் அதை அப்படியே நாலு வரிசைக்குக் கேட்கும்படி சொன்னாள். எல்லாருக்கும் சிரிப்பு. அதை மறைக்கப் படபடவென்று தட்டினார்கள். தனக்குத்தான் என்று நினைத்த அதிகாரி, ஒரே குடும்பம் என்று மறுபடியும் சொன்னார். சேகர் திரும்பினார். பார்த்தது செல்வியை.

"ஏண்டி, அது நான் சொன்னதுல்ல?" என்று பிறகு கேட்டேன்.

"நீ வாய்க்குள்ளயே வச்சுப் புளிக்க விடுவ. நான் வெளிய விட்டேன். அடுத்த தடவை நீயே சொல்லு, நான் வாயத் தொறக்கல."

அடுத்த கூட்டத்தில் சொன்னபடியே அவள் வாயைத் திறக்கவில்லை. நல்ல பேச்சு ஒன்று என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லு என்று செல்வி முழங்கையால் இடித்தாள். கடைசியில் அதையும் அவள் காதில்தான் சொன்னேன்.

செல்விக்கும் சேகருக்கும் நடந்த கல்யாணத்தில் அவர் என்னிடம், "ஒங்க சிநேகிதி வாயப் பாத்துத்தான் விழுந்தேன் தங்கச்சி" என்றார். நல்ல வாய்தான் என்றேன். பாயசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

மில்லை மூடி வெகுகாலம் ஆகிறது. கருவேலமரம் மண்டி, எது முற்றம் என்றே தெரியவில்லை. இப்போது எங்கள் ஓட்டல் முதலாளி சென்னையிலிருந்து வாட்ஸப்பில் பேசி அனுப்புகிறார். ஆளுக்கொரு மூலையில் கேட்டு, கைதட்டுகிற படத்தைப் போட்டுவிடுகிறோம். பக்கத்தில் ஒரு காது கிடையாது.

போன வாரம் அவர் பேசியதற்குச் சரியான பதில் ஒன்று வாயில் வந்தது. அடக்கமாட்டாமல் செல்வி குடியிருக்கும் திருப்பூருக்குப் போன் போட்டேன். சேகர்தான் எடுத்தார். நடுவில் யாருமில்லை, அவரிடமே சொல்லியிருக்கலாம்.

"செல்வி இருக்காளாண்ணே?" என்றேன்.

அவளிடம் சொன்னேன். அவள் போனைக் கீழே வைக்கும்முன் அந்தப் பக்கம் திரும்பி அதையே சத்தமாகச் சொன்னாள். அவர் சிரிப்பது எனக்குக் கேட்டது.