சித்தியின் ஈயப் பெட்டி

என் சித்தியின் கல்யாணம் ஒருமுறை நின்றுபோனதற்கு நான்தான் காரணம் என்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் உறவுக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அப்போது எனக்கு எட்டு வயது. அம்மாவின் தங்கையான சித்தி எங்கள் வீட்டில் தங்கி, துவாக்குடியில் ஆராய்ச்சிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். பாறைத்தூளில் எவ்வளவு யுரேனியம் இருக்கிறது என்று அளப்பது அவள் வேலை. அது முடிந்ததும் தையில் கல்யாணம். அதன்பிறகு வேலை, ஆராய்ச்சி என்று எதுவும் கூடாது என்பது மாப்பிள்ளை வீட்டாரின் நிபந்தனை.

ஒரு சனிக்கிழமை என்னையும் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போனாள். கனத்த ஈயப் பெட்டிக்குள் காலி டப்பா ஒன்றை வைத்துக் கருவியை முடுக்கினாள். ஒன்றுமே இல்லாத டப்பாவுக்கும் திரையில் எண்கள் ஏறின.

"சுவரு, தரை, நம்ம உடம்பு எல்லாத்துலேர்ந்தும் கொஞ்சம் கதிர்வீச்சு வந்துண்டே இருக்கும். அதை முதல்ல கழிச்சுடணும்" என்றாள்.

"என் உடம்புலேர்ந்துமா?"

"உன் உடம்புலேர்ந்தும்தான்."

என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். பிறகு பாறைத்தூள் டப்பாவை வைத்தாள். எண்கள் தலைதெறிக்க ஓடின.

அலமாரியில் இன்னும் நிறைய டப்பாக்கள் இருந்தன. தூளிலிருந்து கிளம்பும் வாயு ஒரு மாதம் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தால்தான் கணக்குச் சரியாக வருமாம். சித்தி வெளியே போன நேரத்தில், இத்தனை அமர்க்களம் செய்வது எது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு டப்பாவின் டேப்பைப் பிய்த்து மூடியைத் திறந்தேன். கோலமாவு மாதிரி சாம்பல் நிறத் தூள். வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பெரிய அதிசயமாக இருந்தது.

திரும்பி வந்த சித்தி திட்டவில்லை. என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, திறந்த டப்பாவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் அம்மாவிடம், "மறுபடி மூடி ஒரு மாசம் வைக்கணும்க்கா. தைக்குள்ள முடியாது" என்றாள்.

"அவாகிட்ட என்னன்னுடி சொல்றது?" என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கவில்லை, வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு வீடு கொள்ளாத வசவு. சித்தி மட்டும் என்னை வெளியே கூட்டிப்போய் இரண்டு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாள். கல்யாணத்தைக் கெடுத்தவளுக்கு ஐஸ்கிரீமா என்று குழம்பிக்கொண்டே தின்று தீர்த்தேன்.

சித்தி இப்போது பேராசிரியர். போன வருடம் அவளுடைய பழைய ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்று கெட்டால் மற்றதை எடுத்துக்கொள்வதற்காக, ஒவ்வொரு பாறைத்தூளையும் இரண்டிரண்டு டப்பாக்களில் ஒரே நாளில் அடைத்து வைத்ததாக எழுதியிருந்தாள். அப்படியானால், நான் திறந்த டப்பாவின் ஜோடி அன்று அந்த அலமாரியிலேயே மூடி கலையாமல் இருந்திருக்கிறது.