மூன்றாம் ஓலை

போன கிழமை கிளினிக்கில் ஒரு சிற்றூழியர் வாசலில் நின்று, “சீனிக்காரர் எல்லாம் இந்தப் பக்கம் வாங்கோ” என்று கூப்பிட்டார். நீரிழிவு உள்ள நானும் ஒரு சீனிக்காரன்தான். சமர்த்துப் பிள்ளையாக எழும்பிவிட்டேன். உள்ளேயிருந்த தாதி வெளியே வந்து, “ஆக்களுக்குப் பேர் இருக்குத்தானே? பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ” என்றார். திரும்பவும் வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன்.

மடியில் கிளினிக் கொப்பி. கோடு போட்ட தாளைக் கண்டால் எனக்கு மருந்து நினைவுக்கு வருவதில்லை, மன்றாட்டுத்தான் வரும். இளவயதில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் ஞாயிறு பூசைக்கு விசுவாசிகள் மன்றாட்டை எழுதி வாசிப்பவன் நான். நல்ல தமிழ் எழுதுகிறேன் என்று கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. கோபுரத்தில் ஒலிபெருக்கி, பூசைக்கு வராதவர்களுக்கும் வீட்டிலிருந்தே கேட்கும்.

மெற்றில்டா கீரிக் கிராமத்தில், முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிறவள். தோட்டவெளி ஊர்ப் பொடியன் ஒருவனுக்குக் கலியாணம் பேசி முற்றாக்கி, ஓலை வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. எங்களில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் இருவர் பெயரையும் அறிவிக்க வேண்டும்; அதைத்தான் ஓலை என்போம். அவளுக்குச் சின்ன வயதிலிருந்து எப்போதாவது வலிப்பு வரும். மாப்பிள்ளைக்கு அவளே சொல்லியிருந்தாள். அவனும் சரி என்றவன். இரண்டாம் ஓலைக்கு முதல்நாள் அவளுடைய தாய் என்னிடம் வந்து, “பிள்ளைக்கு நேற்றும் வலிப்பு வந்திட்டுது தம்பி. ஒருக்கா மன்றாடுங்கோ” என்றார்.

அவர் கேட்டது அவ்வளவுதான். நான்தான் பெரிய எழுத்தாளன் ஆயிற்றே. ‘வலிப்பு நோயால் வருந்தும் எம் சகோதரி மெற்றில்டாவுக்காக’ என்று எழுதி, நிறுத்தி நிதானமாக வாசித்தேன். கொஞ்ச நேரத்தில் அதே ஒலிபெருக்கியில் பங்குச் சுவாமி அவளுடைய இரண்டாம் ஓலையை வாசித்தார்.

செய்தி மத்தியானத்துக்கு முன்னே தோட்டவெளிக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் தாய்க்கு அதுவரை எதுவும் தெரியாது. “வலிப்புக்காரியை எங்கட வீட்டுக்கு எடுக்கேலாது” என்று சொல்லி அனுப்பினார்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். “அது பெரிய வருத்தமில்லை, குளிசை போட்டாச் சரி” என்று விளக்கினேன். அதுவரை கேள்விப்படாதவர்களும் என் வாயாலேயே கேட்டார்கள். கடைசியில் அவளிடம் போய், “அடுத்த ஞாயிறு, சுகம் கிடைச்சதுக்கு நன்றி எண்டு வாசிக்கட்டே?” என்றேன். இந்த மூளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்.

மெற்றில்டா தையல் மெசினை விட்டு எழும்பவில்லை. “வேண்டாம் அண்ணை. இனி அதில என்ர பேரை ஒருத்தரும் வாசிக்க வேண்டாம்.”

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவே இல்லை. எனக்கு மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை.

இப்போது அந்த ஒலிபெருக்கி இல்லை. மன்றாட்டிலும் ‘நோயுற்றோர் அனைவருக்காகவும்’ என்பதோடு சரி. நல்லதுதான். போன கிழமை கிளினிக் முடிந்து நேரே கீரிக்குப் போனேன், இத்தனை வருடத்துக்குப் பிறகாவது மன்னிப்புக் கேட்போம் என்று. அவளுடைய பழைய வீட்டு வளவில் வேறு ஆட்கள். கடையில் நின்ற பெண்ணிடம், “மெற்றில்டா இப்ப எங்க இருக்கிறா?” என்று விசாரித்தேன். முழித்தாள். “சட்டை தைக்கிறவ” என்றேன். அதுவும் தெரியவில்லை.

கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆர், அந்த வலிப்புக்காரியே?” என்றாள்.

வேறு வழி தெரியாமல், “ஓம்” என்றேன்.