சைடு டிரம்மும் அப்பாவின் சாப்பாடும்

அந்தப் பழைய சைடு டிரம்மை என் வீட்டுக்காரர் கொண்டுவந்த அன்று ராத்திரி வரை நான் அவரோடு பேசவில்லை. தாம்பரம் ரயில்வே காலனியில் ஒரு குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறப் போகிறது, சாமான்களை விற்கிறார்கள், நல்ல பீரோ ஒன்று இருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பியது நான். மனிதர் தோளில் மாட்டிக்கொண்டு வந்தது, பச்சைப் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்த ஒரு டிரம்மை. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு வேறு.

வாரம் முழுக்க ஆபீஸில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனைப் பாட்டுக்கு டிரம் அடிப்பார். என் அப்பாவுக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கு அதுதான் காரணம். அப்பா படப்பையில் கணக்கு வாத்தியார். அங்கே சபையில் மதுவிலக்குச் சங்கத்துக்குத் தலைவர். கொட்டு அடிக்கிறவன் குடிக்காமல் இருக்க மாட்டான் என்பது அவர் கண்ட முடிவு. கல்யாணத்துக்கு வந்தார், ஜெபம் பண்ணினார், அவ்வளவுதான். அதன்பிறகு இரண்டு வருஷத்தில் மூன்று தடவை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். மூன்று தடவையும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்று எழுந்துவிட்டார். அவருக்கென்று வடித்த சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் நாங்கள் தின்றோம். அப்பா என் வீட்டில் ஒரே ஒரு வேளை சாப்பிட மாட்டாரா என்று நான் ஏங்கிப் போயிருந்தேன்.

டிரம் விஷயத்துக்கு வருகிறேன். இவர் தோலையும் வளையங்களையும் கழற்றி, உப்புத்தாளை வைத்து அரை மணி நேரம் தேய்த்தார். அப்புறம் கை வலிக்கிறது என்று பேப்பர் படிக்கப் போய்விட்டார். எனக்குத்தான் எந்த வேலையும் பாதியில் கிடந்தால் தூக்கம் வராதே! கண்ணாடிச் சில்லை எடுத்துச் சுரண்டினேன். பச்சைக்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே கறுப்பு. நாலாம் நாள் மரம் தெரிந்தது. நன்றாக ஊறிய தேநீர் நிறத்தில், ரேகை ரேகையாக, என்ன அழகு! பீரோவை அன்றைக்கே மறந்துவிட்டேன். "இனிமே இதத் தொட்டீங்கன்னா தெரியும் சேதி" என்று இவரை எட்டவே நிறுத்திவிட்டேன்.

பக்கத்துத் தெரு ஆசாரி பிரெஞ்ச் பாலிஷ் போடும் விதத்தைச் சொன்னார். அவல் மாதிரி இருக்கும் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, அதில் நனைத்து, எட்டு எழுதுவது போலத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் கை நிற்கக் கூடாது. நின்றால் துணி ஒட்டிக்கொண்டு மொத்தமும் பாழ்.

ஸ்பிரிட் வாங்குவதுதான் பெரிய பாடு. மதுவிலக்கு இருந்த காலம் அது. சாராயம் கிடைக்காதவர்கள் வார்னிஷைக் குடித்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். மார்க்கெட் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா, ஸ்பிரிட்டு யாருக்கு? வூட்டுக்காரருக்கா?"

"டிரம்முக்குய்யா!"

"அல்லாரும் அப்டித்தான் ஏதாச்சும் சொல்லிகினு வராங்க" என்று முனகிக்கொண்டே சின்ன பாட்டிலில் கொடுத்தார். மானம் போயிற்று.

அது ஐப்பசி மாதம். ஈரக்காற்றில் பாலிஷ் வெள்ளையாகப் பூத்துப் போய் இரண்டு தடவை சுரண்டி எடுத்தேன். அடுத்த வாரம் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை, அதற்குள் டிரம் தயாராக வேண்டும். அந்தச் சமயம் பார்த்து அப்பாவிடமிருந்து ஒரு கார்டு: சனிக்கிழமை ஒரு மணிக்கு வருகிறேன், சாப்பிடுகிறேன். சாப்பிட வாருங்கள் என்று மாதா மாதம் நான் எழுதிய கடிதங்களைப் படித்து மனசு இளகியிருக்க வேண்டும். கார்டை நாலு தடவை படித்தேன்.

சனிக்கிழமை காலை பார்த்தால் பளீரென்று வெயில்! அதை எப்படி விடுவது? சமையலை, லீவு போட்டிருந்த இவரிடம் ஒப்படைத்துவிட்டு டிரம்மோடு உட்கார்ந்தேன். பன்னிரண்டுக்குள் முடித்துக் குளித்துவிடலாம் என்று நினைத்தேன். அப்பா பதினொன்றுக்கே வந்துவிட்டார்.

வாசல்படியில் நின்று மோந்து பார்த்தார். வீடு முழுக்க ஸ்பிரிட் வாடை. தரையில் பாட்டில். கோழிக் குழம்புக்கு ஒரு கூடை வெங்காயம் அரிந்த என் வீட்டுக்காரர், கண் இரண்டும் செக்கச்செவேலென்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வாங்க மாமா" என்று வெளியே வந்தார். நானோ எழுந்திருக்கவில்லை. கை நிற்கக் கூடாதே!

"பட்டப்பகல்லயேவா?" என்றார் அப்பா. "நீயும் பாத்துகிட்டு உக்காந்திருக்கியா?" குடையைத் திருப்பிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

எல்லாவற்றையும் போட்டுவிட்டு கேட் வரை ஓடினேன். "அப்பா, அது பாலிஷுப்பா! இங்க பாருங்க என் கைய!" பத்து விரலும் காவி நிறத்தில் இருந்தன. திரும்பி ஓடிவந்து பார்த்தால் துணி டிரம்மில் ஒட்டிக்கிடந்தது. பிய்த்தேன், பஞ்சும் நூலுமாக ஒரு கை அகலத்துக்குத் தழும்பு. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. பின்னாலேயே வந்து நின்ற அப்பாவைப் பார்த்துக் கத்தினேன்.

"மூணு வாரமா உசுர விட்டிருக்கேன். உங்களால போச்சு! நீங்க சாப்பிடவும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

அப்பாவை அப்படி நான் பேசியதே இல்லை. அவர் டிரம்மையும் என் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இத எப்படிச் சரி பண்றது?" என்றார்.

"ஸ்பிரிட்டத் தொட்டுத் தேச்சு எடுத்துட்டு, மறுபடியும் பூசணும். ரெண்டு பேர் வேணும்."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மதுவிலக்குச் சங்கத் தலைவர் ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் தேய்க்கிறார், நான் பின்னாலேயே பூசுகிறேன். "எட்டு சரியா விழலியே, இன்னும் சின்னதாப் போடு" என்று எனக்கே பாடம் வேறு! மணி இரண்டாயிற்று. தழும்பு போய், கண்ணாடி மாதிரி ஜன்னல் கம்பி அதில் தெரிந்தது. அப்பா அதைத் தட்டி வேறு பார்த்தார்.

இலை போட்டாயிற்று. அப்பா கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார். மோந்து பார்த்தார். வாடை போகவில்லை. "இந்தக் கைய வாயில வெச்சா, வாழ்நாள்ல தொடாதத இன்னிக்குத் தொட்ட மாதிரி ஆயிடும்மா" என்றார். என் கை அதைவிட மோசம். வீட்டிலிருந்த இரண்டு ஸ்பூனும் அரக்குக் கலக்கி வீணாய்ப் போயிருந்தன. போச்சுடா, இந்தத் தடவையும் தண்ணீர்தான் என்று நினைத்தேன்.

வீட்டில் சுத்தமான கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, நான் டிரம்மைத் தொடவிடாத கை. இவர் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஒரு உருண்டை பிடித்து நீட்டினார். அப்பா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் குழந்தை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார்.

நாலு வாய் போனது.

"கொஞ்சம் ரசம் ஊத்திப் பிசைங்க, மாப்ள" என்றார் அப்பா. "தொண்டைய அடைக்குது."